கரடிக்குக் காலிபர் தெரியாது

அலாஸ்காவிலோ மொன்டானாவிலோ ஒரு துப்பாக்கிக் கடைக்குள் போய், "கரடி நடமாடுகிற காட்டுக்குப் போகிறேன், எந்தக் கைத்துப்பாக்கியை வாங்கலாம்?" என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: காலிபர், அதாவது குண்டின் விட்டம், கை தாங்குகிற அளவில் எதில் பெரியதோ அதை வாங்குங்கள். வேட்டைப் பத்திரிகைகளும் இதையே ஓதுகின்றன; முகாம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசுகிறவர்களும் இதையே ஓதுகிறார்கள். .44 மேக்னம் என்றால் பாஸ் மார்க், .454 கசுல் என்றால் முதல் வகுப்பு, .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இடுப்பில் இருந்தால் மாநிலத்திலேயே முதலிடம். எதிரே வரப்போவது முந்நூறு கிலோ கிரிஸ்லி கரடி என்னும்போது இதில் என்ன தப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். தப்பு இருக்கிறது. இந்த அறிவுரையைக் கேட்டு நடக்கிறவர் பெரும்பாலும் முன்பிருந்ததைவிடக் குறைவான பாதுகாப்போடுதான் காட்டுக்குள் போகிறார் என்பது என் கட்சி.

முதலில் இந்தப் பாஸ் மார்க் எப்படி ஏறிக்கொண்டே வந்தது என்று பார்ப்போம். 1950களின் நடுவில் .44 மேக்னம் வந்தது. ஐடஹோவில் பண்ணை வைத்திருந்த எல்மர் கீத் என்ற எழுத்தாளர் பல ஆண்டு நச்சரித்ததன் பலன் அது. 1971இல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் அதைத் தூக்கிக் காட்டிய பிறகு கடைகளில் கையிருப்பு தங்கவில்லை. உலகத்தில் இதற்கு மேல் கைத்துப்பாக்கி இல்லை என்று அன்று நம்பினார்கள். 1980களில் .454 கசுல் ரிவால்வர்கள் விற்பனைக்கு வந்ததும் .44 'சுமார்' ஆகிவிட்டது. 2003இல் .500 வந்ததும் .454 'பரவாயில்லை' ஆகிவிட்டது. இந்த ஐம்பது ஆண்டுகளில் கரடியின் மண்டையோடு ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிக்கவில்லை. வளர்ந்ததெல்லாம் துப்பாக்கியும் அதன் விலைச்சீட்டும்தான்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் பலத்தோடேயே எடுத்துக்கொள்கிறேன். பழுப்புக் கரடியின் தோலுக்கு அடியில் கொழுப்பு, அதற்கடியில் கட்டை கட்டையான தசை, தோள் எலும்போ உலக்கை மாதிரி. சாதாரண 9 எம்.எம். பிஸ்டல் தோட்டாவின் ஆற்றல் சுமார் 500 ஜூல். .44 மேக்னம் அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். .500 என்றால் 3,500 ஜூல் பக்கம் போய் நிற்கிறது, அதாவது மான் வேட்டைக்கான .30-06 ரைஃபிளுக்குப் பக்கத்தில். அமெரிக்க வனத்துறை அலாஸ்காவில் வேலை செய்யும் தன் ஆட்களுக்காக 1983இல் தோட்டாக்களைக் குறுகிய தூரத்தில் சுட்டுச் சோதித்துப் பார்த்தபோதும் பெரிய ரைஃபிள்களைத்தான் மேலே வைத்தது. ஆக, ஆற்றல் அதிகமானால் நல்லது. இதில் மறுக்க என்ன இருக்கிறது?

மறுக்க வேண்டியது அந்தக் கடைசிப் படியைத்தான். வனத்துறை சொன்னது ரைஃபிள். ஆற்றல்தான் வேண்டும் என்றால் ரைஃபிளை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே? ஏன் யாரும் போவதில்லை? ஆற்றின் நடுவில் இடுப்பளவு நீரில் நின்று தூண்டில் வீசுகிறவருக்கு, மூட்டை சுமந்து மலையேறுகிறவருக்கு, மான் கறியை வெட்டிக்கொண்டிருப்பவருக்கு ரைஃபிள் எப்போதும் பத்தடி தள்ளி ஒரு மரத்தில் சாய்ந்து நிற்கும். அதனால்தான் கைத்துப்பாக்கி. இரண்டு கையும் வேறு வேலையில் இருக்கும்போதும் அது உடம்போடு ஒட்டிக் கிடக்கும். அதற்கு இருக்கிற ஒரே பெருமை இதுதான். மற்ற எல்லாவற்றிலும் ரைஃபிள் அதை முந்திவிடும். நீண்ட குழல் .500 ரிவால்வரின் எடை 2 கிலோ. அதை நாள் முழுக்க இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பவர் இருக்கலாம். பெரும்பாலானவர்கள் இரண்டாம் நாள் மதியம் அதைக் கழற்றி மூட்டைக்குள் வைத்துவிடுவார்கள். அந்த நொடியில் ரைஃபிளின் ஆற்றலும் போச்சு, கைத்துப்பாக்கியின் வசதியும் போச்சு.

கரடியை எது நிறுத்துகிறது என்பதிலும் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. ஜூல் கணக்கைப் படிப்பவர்கள், குண்டு பட்டதும் கரடி சினிமாவில் வருவதுபோலப் பின்னால் தூக்கி எறியப்படும் என்று கற்பனை செய்கிறார்கள். அப்படி எறிகிற வேகம் சுடுகிறவன் கையையும் அதே அளவு தள்ளியாக வேண்டும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். பாய்ந்து வரும் விலங்கு அந்த இடத்திலேயே சுருண்டு விழ வேண்டுமென்றால் குண்டு மூளையிலோ முதுகுத்தண்டிலோ பட வேண்டும். இதயம் கிழிந்த கரடிகூட மூளையில் மிச்சமிருக்கும் ரத்தத்தை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு நொடி ஓடும். அந்த நேரத்தில் அது உங்கள்மேல் ஏறி, செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டு, பிறகு ஆற அமர இறந்துபோகும். குண்டு எலும்பைத் துளைத்து உள்ளே போக வேண்டும் என்பது உண்மை. அதற்கு ஒரு குறைந்தபட்ச பலம் வேண்டும் என்பதும் உண்மை. மென்மையான, விரியும் குண்டுகளைவிட மொட்டையான முனை கொண்ட கடின ஈயக் குண்டுகளை அனுபவசாலிகள் விரும்புவதும் ஆழமாகப் போகும் என்பதால்தான். ஆனால் மண்டையைத் துளைக்கப் போதுமான பலம் வந்த பிறகு, அதற்கு மேல் சேரும் ஒவ்வொரு ஜூலும் கரடிக்குப் போவதில்லை. குண்டு அந்தப் பக்கம் வெளியே வந்து மண்ணுக்குப் போகிறது. பின்னுதையாக உங்கள் மணிக்கட்டுக்கு வருகிறது.

அந்த உதையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். 2003 வாக்கில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 329 என்று ஒரு .44 ரிவால்வரைக் கொண்டுவந்தது. ஸ்கேண்டியம் கலந்த உலோகம், 700 கிராம் சொச்சம் எடை. சுமக்கச் சுகமோ சுகம். சுட்டால் தெரியும். முழுச் சக்தித் தோட்டா வெடிக்கும்போது பிடியின் மேல்விளிம்பு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதையில் வெட்டுகிறது. குழல் கூரையைப் பார்க்கிறது. அதைக் கீழே இறக்கி மறுபடி குறிக்குக் கொண்டுவருவதற்குள் நொடி ஒன்று ஓடிவிடுகிறது. இன்னொரு கூத்தும் உண்டு. துப்பாக்கி பின்னால் துள்ளும் வேகத்தில், இன்னும் சுடாத தோட்டாக்களின் ஈயக்குண்டு, உறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவி வருகிறது. அது உருளையின் வாயைத் தாண்டி நீட்டிக்கொண்டால் உருளை சுழலாது. விசையை எவ்வளவு இழுத்தாலும் இரும்புத்துண்டு மாதிரி கையில் நிற்கும். லேசான ரிவால்வரில் கனமான தோட்டா போட்டால் இது நடக்கக்கூடும் என்பது துப்பாக்கிக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். 'மிகப் பெரியது, மிக லேசானது' என்று விளம்பரத்தில் வரும் இரண்டு பெருமைகளும் சேர்ந்துதான் இந்தச் சங்கடத்தைப் பெற்றெடுக்கின்றன.

இதன் விளைவு சுடுதளத்தில் தெரியும். .500 வாங்கியவர் முதல் நாள் ஒரு உருளை சுடுவார், ஐந்து தோட்டா. சிரித்துக்கொண்டே நண்பரிடம் நீட்டுவார், அவரும் இரண்டு சுட்டுவிட்டுக் கையை உதறிக்கொள்வார். தோட்டா ஒன்றே இரண்டு மூன்று டாலர். பெட்டியை மூடி வைத்தால் அடுத்து திறப்பது பயணத்துக்கு முந்தின இரவில். வலிக்கிற துப்பாக்கியோடு யாரும் பழகுவதில்லை. பழகாதவர் வெடிக்கும் முன்பே கண்ணை மூடுகிறார், குழலைக் கீழே அழுத்துகிறார். குண்டு கரடிக்கு முன்னாலிருக்கும் புல்லில் விழுகிறது.

பழகியவர்களே என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். நியூயார்க் நகரக் காவல்துறையை ராண்ட் நிறுவனம் ஆராய்ந்து 2008இல் அறிக்கை தந்தது. 1998 முதல் 2006 வரை துப்பாக்கிச் சண்டைகளில் காவலர்களின் குண்டு இலக்கில் பட்டது நூற்றுக்கு 18. எதிராளி திருப்பிச் சுடாதபோதும் 30தான். இவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு பயிற்சி எடுத்தவர்கள், சுட்டது மனிதனை. கிரிஸ்லி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் வரும், நொடிக்கு 15 மீட்டர். புதருக்குப் பின்னால் 20 மீட்டரில் அது கிளம்பினால் உங்களிடம் இருப்பது ஒன்றரை நொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் உறையிலிருந்து உருவ வேண்டும், மேலும் கீழுமாகக் குலுங்கி வரும் ஒரு தலையில், கண்களுக்கு நடுவிலிருந்து மூக்கு வரைக்குமான ஒரு சாய்ந்த பரப்பைப் பிடிக்க வேண்டும். இங்கே தீர்மானிப்பது எத்தனை ஜூல் என்பதா, எத்தனை முறை ஒழுங்காகச் சுட முடியும் என்பதா?

ஊகம் போதும், பதிவுகளைப் பார்ப்போம். டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலான கரடி ஆய்வாளர்கள் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1883 முதல் 2009 வரை அலாஸ்காவில் துப்பாக்கியோடு இருந்தவர்கள் கரடியைச் சந்தித்த 269 சம்பவங்கள். கைத்துப்பாக்கி பலன் தந்தது நூற்றுக்கு 84, நீளத் துப்பாக்கிகள் நூற்றுக்கு 76. ஆற்றல்தான் எல்லாமென்றால் இந்த எண்கள் தலைகீழாகவும் வெகு தூரம் விலகியும் இருந்திருக்க வேண்டும். கைத்துப்பாக்கிச் சம்பவங்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் கைத்துப்பாக்கியே மேல் என்று நான் சொல்ல மாட்டேன். ரைஃபிளின் கூடுதல் பலம் இந்தப் பட்டியலில் எங்கும் தலைகாட்டவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அதே ஆய்வில் இன்னொரு பட்டியல் இருக்கிறது. காலிபர் பக்தர்கள் யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. துப்பாக்கி பலன் தராத சம்பவங்களில் காரணம் என்ன? நேரம் கிடைக்கவில்லை, 27 விழுக்காடு. துப்பாக்கியைப் பயன்படுத்தவே இல்லை, 21. துப்பாக்கி சிக்கிக்கொண்டது முதலான கோளாறு, 14. கரடி எடுத்துச் சுட முடியாத அளவுக்கு நெருங்கிவிட்டது, 9. குறி தப்பியது, 9. தோட்டா தீர்ந்து மறுபடி நிரப்ப முடியவில்லை, 8. பாதுகாப்புப் பூட்டை நேரத்துக்குள் எடுக்க முடியவில்லை, 8. மிச்சம், தடுக்கி விழுந்ததும் வெடிச்சத்தமே கரடியைக் கிளப்பிவிட்டதும். கூட்டிப் பாருங்கள், நூறு வந்துவிடுகிறது. 'குண்டு போதவில்லை' என்ற வரிக்கு அதில் இடமே இல்லை. மாறாக, இந்தக் காரணங்களில் பாதிக்கு மேல் கனமான, உதைக்கிற, ஐந்தே தோட்டா கொள்கிற துப்பாக்கி இன்னும் மோசமாக்கக்கூடியவை.

2018 செப்டம்பரில் வயோமிங்கில், டீட்டன் வனப்பகுதியில் நடந்ததை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். ஒரு வேட்டை வழிகாட்டியும் அவருடைய வாடிக்கையாளரும், முந்தின நாள் அம்பெய்து வீழ்த்திய எல்க் மானை மறுநாள் தேடிக் கண்டுபிடித்துத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் 10 எம்.எம். க்ளாக் பிஸ்டல் இருந்தது. கரடிக்கு ஏற்ற அரைத் தானியங்கி என்று எல்லோரும் சொல்கிற துப்பாக்கி. அது சற்றுத் தள்ளி, மூட்டைகளோடு இருந்தது. பெண் கிரிஸ்லி ஒன்று வளர்ந்த குட்டியோடு வந்தது; வந்த வேகத்திலேயே வழிகாட்டியின்மேல் பாய்ந்தது. வாடிக்கையாளர் ஓடிப்போய் பிஸ்டலை எடுத்தார். அவரால் அதைச் சுட முடியவில்லை. வழிகாட்டியை நோக்கி எறிந்தார், அது அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. வழிகாட்டி இடுப்பிலிருந்த, மிளகாய்க் காரம் அடைத்த கரடி ஸ்ப்ரேயை அடித்திருக்கிறார் என்று பின்னர் தெரிந்தது. ஆனாலும் அவர் உயிர் பிழைக்கவில்லை. மூட்டையில் கிடந்தது க்ளாக்குக்குப் பதில் .500 ஆக இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? வாடிக்கையாளர் இன்னும் ஒரு கிலோ கூடுதலாக எறிந்திருப்பார்.

மறுபக்கம், 2016இல் அலாஸ்காவில் ஒரு மீன்பிடி வழிகாட்டி, தன் விருந்தாளிகள்மேல் பாய வந்த பழுப்புக் கரடியை வெறும் 9 எம்.எம். பிஸ்டலால் பலமுறை சுட்டுக் கொன்றார். பல பத்தாண்டுகள் கரடிகளுக்கு நடுவே வாழ்ந்த மனிதர். ஆழமாகத் துளைக்கிற கடினக் குண்டுகளைத் தேர்ந்து போட்டிருந்தார். பிஸ்டல் உடம்பில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு 9 எம்.எம். போதும் என்று கிளம்புகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கிரீன்லாந்தின் வடகிழக்கில் நாய்வண்டியில் சுற்றும் டென்மார்க் ராணுவத்தின் சிரியஸ் ரோந்துப் படை, பனிக்கரடிக்கு 9 எம்.எம். பற்றாது என்று கண்டு 10 எம்.எம். க்ளாக் 20க்கு மாறியது. மாறியவர்கள் அதோடு நின்றுவிட்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பனிக்கரடியோடு மாதக்கணக்கில் வாழ்கிறவர்கள், ராணுவத்தின் பணம், எதை வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். 15 தோட்டா கொள்கிற, குளிரில் கையுறையோடு இயக்கக்கூடிய, சராசரி ஆள் வேகமாகத் திருப்பிச் சுடக்கூடிய ஒன்றை எடுத்தார்கள்.

கைத்துப்பாக்கியால் கரடியை நிறுத்திய சம்பவங்களைத் தொகுத்து வைத்துக்கொண்டு 'நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெற்றி' என்று மார்தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தொகுத்தது எதிலிருந்து? செய்தியில் வந்தவற்றிலிருந்து. துப்பாக்கியை எடுக்கவே முடியாமல் கடிபட்டவரின் கதை 'கைத்துப்பாக்கிச் சம்பவம்' என்ற தலைப்பில் வருவதில்லை, 'கரடி தாக்கியது' என்று வருகிறது. எண்ணிக்கை அங்கேயே சாய்ந்துவிடுகிறது.

இதே கறாரை ஸ்ப்ரே பிரச்சாரகர்கள் மேலும் காட்ட வேண்டும். கரடி ஸ்ப்ரேயைப் பற்றி அதே ஸ்மித்தும் ஹெரேரோவும் 2008இல் எழுதினார்கள்: பழுப்புக் கரடிகளிடம் 92 விழுக்காடு, கருங்கரடிகளிடம் 90 விழுக்காடு வேலை செய்தது. உடனே '92க்கு முன்னால் 84 எம்மாத்திரம்' என்று ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. அந்த ஒப்பீடு செல்லாது. ஸ்ப்ரே கணக்கில், சாப்பாடு மோப்பம் பிடித்தோ சும்மா எட்டிப் பார்க்கவோ வந்த கரடிகளும் உண்டு. துப்பாக்கிக் கணக்கில் சீறி வந்தவை கூடுதல். ஸ்ப்ரேயும் பொய்க்கும். 2016இல் மொன்டானாவில் ஒருவர் ஸ்ப்ரே அடித்தும் தாய்க் கிரிஸ்லி அவரை ஒரே காலையில் இரண்டு முறை கடித்துக் குதறியது. அவரிடம் கைத்துப்பாக்கியும் இருந்தது, அதைச் சுட வாய்க்கவில்லை. 2023இல் கனடாவின் பான்ஃப் பூங்காவில் இறந்த தம்பதியும் ஸ்ப்ரே வைத்திருந்தவர்கள்தான். அதைப் பயன்படுத்தியும் இருந்தார்கள். எதிர்க்காற்று, கடுங்குளிர், கூடாரத்தின் இருட்டு எல்லாம் ஸ்ப்ரேக்கு விரோதிகள். இருந்தும் நான் அதை முதலில் வைக்கிறேன், காரணம் எளிது. ஸ்ப்ரே நூல் பிடித்தாற்போல் குறிபார்க்கச் சொல்வதில்லை. எட்டு மீட்டருக்கு ஒரு மேகத்தை விரிக்கிறது, கரடி அதற்குள் வந்து விழுகிறது. மேலும், பாய்வதுபோல் ஓடிவந்து சில அடி தூரத்தில் நின்று திரும்பிவிடும் கரடிகள் நிறைய. அவற்றின்மேல் தெரியாமல் ஸ்ப்ரே அடித்தால் ஒரு தும்மலோடு போகும். தெரியாமல் சுட்டால் காயம்பட்ட கிரிஸ்லி ஒன்று புதருக்குள் இருக்கும்.

சரி, துப்பாக்கியும் வேண்டும் என்பவர் எதை எடுப்பது? மார்பில் குறுக்காகக் கட்டும் உறையிலிருந்து, மூட்டையின் இடுப்புப் பட்டை இடிக்காமல் உருவி, பத்து மீட்டரில் ஒரு சாப்பாட்டுத் தட்டில், மூன்று நான்கு குண்டுகளை இரண்டு மூன்று நொடிக்குள் போட முடிகிற ஒன்று. அது உங்களுக்கு .44ஆக இருந்தால் .44. 10 எம்.எம்.ஆக இருந்தால் 10 எம்.எம். மூச்சுவிடாமல் உழைத்து .454இல் அதைச் செய்ய முடிகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பெரும்பாலானவர்களுக்கு எல்லை .44க்கு இந்தப் பக்கமே வந்துவிடும். அரைத் தானியங்கி எடுக்கிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கரடி மேலே ஏறிவிட்ட பிறகு குழலை அதன் உடம்பில் அழுத்திச் சுட்டால், மேல்தகடு பின்னால் தள்ளப்பட்டு, துப்பாக்கி வெடிக்காமலே போகலாம். ரிவால்வருக்கு அந்தத் தொல்லை கிடையாது. ரிவால்வரை விரும்புவதற்கு ஜூலைவிட நல்ல காரணம் இது.

நம்மவர்கள் சியாட்டிலிலிருந்தும் டல்லாஸிலிருந்தும் குடும்பத்தோடு யெல்லோஸ்டோன் போகிறார்கள், அவர்களுக்காக இரண்டு வார்த்தை. 2010 பிப்ரவரியிலிருந்து அமெரிக்க தேசியப் பூங்காக்களில், அந்தந்த மாநிலச் சட்டம் அனுமதித்தால், துப்பாக்கி வைத்திருக்கலாம். யெல்லோஸ்டோனில் அதைச் சுடுவது இன்னும் சட்டவிரோதம்தான். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல், துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கனடாப் பக்கம் கைத்துப்பாக்கியோடு மலையேறும் பேச்சே கிடையாது. விமானத்தில் பூட்டிய பெட்டியில் துப்பாக்கி போகும், கரடி ஸ்ப்ரே எந்தப் பெட்டியிலும் போகாது. இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், கரடியை வரவழைக்காமல் இருப்பது. 1967 ஆகஸ்டில் மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் ஒரே இரவில், வெவ்வேறு இடங்களில், இரண்டு இளம்பெண்களைக் கிரிஸ்லிகள் கொன்றன. அதற்குப் பிறகு பூங்கா நிர்வாகங்கள் கையில் எடுத்தது குப்பையை. விடுதிக்குப் பின்னால் எச்சில் கொட்டிக் கரடி காட்டும் வழக்கம் நின்றது. கரடி திறக்க முடியாத தொட்டிகளும் சாப்பாட்டு டப்பாக்களும் வந்தன. அலாஸ்காவின் சட்டமும் இந்தக் கோணத்தில்தான் யோசிக்கிறது. உயிர்காக்கக் கரடியைச் சுட்டால் அங்கே குற்றமில்லை. ஆனால் சாப்பாட்டையோ குப்பையையோ அலட்சியமாகப் போட்டுக் கரடியை நீங்களே வரவழைத்திருந்தால் அது தற்காப்பாகாது. எதுவானாலும் 15 நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அதற்கு முன், அந்த முந்நூறு கிலோ உடம்பை அங்கேயே புரட்டிப்போட்டு, நகங்களோடு தோலை உரித்து, மண்டையோட்டையும் எடுத்து, இரண்டையும் சுமந்துகொண்டு வந்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும். தோலையும் மண்டையோட்டையும் நீங்கள் வைத்துக்கொள்ள முடியாது.